பூசியும் கறுக்குதா? சன்ஸ்கிறீன் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்த்தல்

சன்ஸ்கிறீன் சரிவரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தோலில் காய்ந்து கிடக்கும் படலத்தை. பூசும்போது அதன் தடிப்பு வெறும் 20 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு. தண்ணீர் ஆவியானதும் அதுவும் சுருங்கிவிடும். தோல் கண்ணாடி போலத் தட்டையானது அல்ல, வரம்பும் வாய்க்காலும் போட்ட வயல் மாதிரி. கிறீம் வாய்க்காலில் தேங்கும், வரம்பில் மெலியும். வெய்யில் நுழைவது அந்த மெலிந்த வரம்பு வழியே. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்தப் படலத்தை மெலிய வைப்பது எது, குழப்புவது எது, கழுவுவது எது என்ற கேள்வியில் போய் முடிபவை.

எந்த அறிகுறிக்கும் போகமுன் ஒரு கணக்குப் பாருங்கள். எஸ்பிஎஃப் என்ற எண்ணை (வெய்யிற் சுடுதலிலிருந்து கிறீம் எவ்வளவு காக்கும் என்பதைக் காட்டுவது) ஆய்வுகூடத்தில் அளக்கும்போது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகமும் முன் கழுத்தும் ஏறத்தாழ 600 சதுர சென்ரிமீற்றர் என்றால் ஒரு தடவைக்கு 1.2 கிராம், கால் தேக்கரண்டி. காலையில் ஒருதரம், மதியத்தில் ஒருதரம் என்று பூசினால் 50 கிராம் ரியூப் மூன்று கிழமையில் முடிய வேண்டும். உங்கள் ரியூப் மூன்று மாதம் வருகிறதா? அப்படியென்றால் கோளாறு அகப்பட்டுவிட்டது. கிறீமை மாற்ற வேண்டியதில்லை, அளவை மாற்றினால் போதும்.

ஒழுங்காகப் பூசுகிறேன், ஆனாலும் கறுக்குது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வரும் முறைப்பாடுகளில் இதுதான் முதலாவது. இதற்குக் காரணம் பல இருக்கலாம். எளிதில் திருத்தக்கூடியதிலிருந்து பார்த்துக்கொண்டு போங்கள்.

அளவு. சாதாரணமாக ஆட்கள் பூசுவது ஆய்வுகூட அளவில் கால்வாசியோ அரைவாசியோதான். பாதி பூசினால் எஸ்பிஎஃப் பாதிக்குக் கிட்ட இறங்கும், சில கிறீம்களில் அதைவிடவும் இறங்கும். 50 என்று எழுதியதை மெல்லிசாய்த் தேய்த்தால் தோலில் நிற்பது 20க்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று. ஒரே தடவையில் அவ்வளவும் பூச முகம் பிசுபிசுக்கும் என்பவர்கள் இரண்டாகப் பிரித்துப் பூசலாம். முதல் பாதியைப் பூசி, ஐந்து நிமிடம் விட்டு, மற்றப் பாதியைப் பூசுங்கள். முதற் பூச்சில் மெலிந்த இடங்களை இரண்டாவது பூச்சு மூடும் என்பதால் இது ஒரே தடவையில் பூசுவதை விட நல்லதும்கூட.

இடம். கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகிறவரின் கையைப் பார்த்தால் விளங்கும். முகம் தலைக்கவசத்துக்குள், கைமுட்டியும் விரல் முதுகும் வெய்யிலில். காது நுனி, பிடரி, மேற்பாதம், சேட் கழுத்தின் வி வடிவ இடைவெளி, உதடு ஆகியவைதான் வழமையாகத் தவறுபவை. முழங்கையிலிருந்து விரல் வரை இரண்டு கைக்கும் 3 முதல் 4 கிராம் வேண்டும். அதைவிட மலிவான வழி நீளக் கைச் சேட்.

நேரம். மட்டக்களப்பு 7.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் 10ஐ ஒட்டியும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் 12 மணி தாண்டி மூன்று நான்கு நிமிடத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழல் காலடிக்குள் விழும். வருடத்தின் பெரும்பகுதியில் வானம் வெளித்திருந்தால் நண்பகல் யூவி (புறஊதாக் கதிர்) சுட்டெண் 11ஐத் தொடும் ஊர் இது. காலை ஏழரைக்குப் பூசிக்கொண்டு கந்தோருக்குப் போய், மதியச் சாப்பாட்டுக்கு வெய்யிலுக்குள் வீடு வருகிறவரிடம் அந்நேரம் மிஞ்சியிருப்பது வேர்வையும் கைலேஞ்சியும் விட்டுவைத்த மிச்சம். மறுபூச்சு இரண்டு மணிக்கு ஒருதரம் என்பது வெளியில் நிற்பவருக்கான கணக்கு. உள்ளே இருந்து வேலை செய்பவர் வெளிக்கிடக் கால் மணி நேரத்துக்கு முன் மறுபடி பூசினால் போதும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இன்னொரு ஏமாற்று உண்டு. வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் வேர்க்கவில்லை என்று நினைப்போம். காய்ந்த உப்பைத் துடைக்கும்போது படலமும் சேர்ந்து போகும்.

இம்மூன்றும் சரி, இன்னும் கறுக்கிறது என்றால் ரியூப்பின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். எஸ்பிஎஃப் சொல்வது பெரும்பாலும் யூவிபி பற்றி மட்டும். 290 முதல் 320 நானோமீற்றர் வரையான அந்தக் கதிர்தான் தோலைச் சுட்டுச் சிவக்க வைப்பது. 320 முதல் 400 வரையான யூவிஏ ஆழமாகப் போய், ஏற்கனவே தோலில் உள்ள நிறமியை உடனேயே கறுக்க வைக்கிறது. நம் நிறத்தோல் இலகுவில் சிவக்காது, ஆனால் வேகமாகக் கறுக்கும். ஆகவே எஸ்பிஎஃப் எண்ணைக் காட்டிலும் யூவிஏ குறியீடுதான் நமக்கு முக்கியம். ஜப்பானிய வழக்கில் பிஏ என்ற எழுத்துக்குப் பின் கூட்டல் அடையாளங்கள் வரும். மூன்று கூட்டல் என்றால் யூவிஏ காப்பு 8க்கும் 16க்கும் இடையில், நான்கு என்றால் 16 அல்லது மேல். ஐரோப்பிய ரியூப்பில் வட்டத்துக்குள் யூவிஏ என்று இருக்கும். யூவிஏ காப்பு எஸ்பிஎஃப் எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறது என்பது அதன் பொருள். இரண்டும் இல்லாத 50ஐ விட மூன்று கூட்டல் போட்ட 30 மேல். எஸ்பிஎஃப் 30 கடக்க விடுவது 3.3 சதவீதம், 50 விடுவது 2 சதவீதம். சண்டை பிடிக்கிற அளவு வித்தியாசம் இல்லை.

குறியீடும் இருக்கிறது, வெய்யிலில் ஒரு மணி நேரம் நின்றதும் பலன் போய்விடுகிறது என்றால், கிறீமில் கதிரை விழுங்கும் பொருள்களான வடிகட்டிகள் ஒன்றையொன்று தின்கின்றன. யூவி வடிகட்டி மூலக்கூறு ஒன்று கதிரை விழுங்கும், அதன் இலத்திரன் மேலே தாவும், கண் இமைக்கும் நேரத்தில் பலகோடியில் ஒரு பங்குக்குள் அந்தச் சக்தியை வெப்பமாக விட்டுவிட்டு அடுத்த கதிருக்குத் தயாராகும். இந்த வெப்பம் முகம் உணரும் அளவு இல்லை. "சன்ஸ்கிறீன் சூடு" என்று சொல்வதெல்லாம் வேர்வை அடைபட்ட புழுக்கம். ஆனால் எல்லா மூலக்கூறும் பழுதில்லாமல் திரும்பி வராது. யூவிஏக்கு அதிகம் பாவிக்கப்படும் அவோபென்சோன் 357 நானோமீற்றருக்குப் பக்கத்தில் பலமாக விழுங்கும் வடிவில்தான் ரியூப்புக்குள் இருக்கிறது. வெய்யில் பட்டால் அது வேறொரு வடிவுக்கு மாறும். அந்த வடிவம் யூவிஏவை விழுங்காது, மெல்ல மெல்ல உடையவும் செய்யும். பக்கத்தில் ஒக்டினொக்சேட் இருந்துவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து இரண்டுமே வீணாகும். அவோபென்சோனோடு ஒக்டோகிறிலீனோ பெமோட்ரிசினோலோ இருந்தால் அவை மிகைச் சக்தியை வாங்கிக்கொண்டு அதைக் காப்பாற்றும். எனவே பட்டியலில் பார்க்க வேண்டியது இதுதான்: அவோபென்சோன் இருக்கிறதா, இருந்தால் கூட இருப்பது யார்? ஒக்டினொக்சேட் மட்டும் என்றால் வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். பட்டியலில் ஒக்டினொக்சேட் எதில்ஹெக்சில் மெதொக்சிசின்னமேட் என்றும், அவோபென்சோன் பியூட்டில் மெதொக்சிடைபென்சொயில்மீதேன் என்றும், பெமோட்ரிசினோல் ட்ரையசின் என்று முடியும் நீண்ட பெயரிலும் வரலாம்.

கன்னத்தில் மட்டும் வண்ணத்துப்பூச்சி மாதிரிக் கருமை படிந்து, நல்ல சன்ஸ்கிறீனுக்கும் அது அசையவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் ஒரு காரணி. நிறமில்லாத எந்த வடிகட்டியும் அதைப் பிடிக்காது. இரும்பு ஒக்சைட் கலந்த, தோல் நிறம் கொண்ட சன்ஸ்கிறீன்தான் பிடிக்கும். பஸ் ஜன்னலோரம் இருக்கும் பக்கம் மட்டும் கறுத்தாலும் ஆச்சரியம் இல்லை. சாதாரண ஜன்னல் கண்ணாடி யூவிபியை நிறுத்தும், யூவிஏயில் பெரும்பகுதியை விட்டுவிடும்.

நுளம்புத் தைலம் பூசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெங்குக் காலத்தில் பிள்ளைகளுக்கு இரண்டையும் பூசியே பள்ளிக்கு அனுப்புகிறோம். டீட் உள்ள நுளம்பு விரட்டி சன்ஸ்கிறீனின் எஸ்பிஎஃபை மூன்றில் ஒரு பங்களவு குறைத்ததை ஆய்வில் அளந்திருக்கிறார்கள். முதலில் சன்ஸ்கிறீன், 15 முதல் 20 நிமிடம் காய விட்டு, மேலே நுளம்பு விரட்டி. இரண்டும் ஒன்றாகக் கலந்து வரும் போத்தலை வாங்க வேண்டாம். சன்ஸ்கிறீன் இரண்டு மணிக்கொருதரம் வேண்டியது, டீட் அவ்வளவு அடிக்கடி வேண்டியதில்லை. ஒரே போத்தலில் இருந்தால் ஒன்று குறையும், இல்லாவிட்டால் மற்றது கூடும்.

கடலில் இறங்கி ஏறியதும் தோள் சுட்டுச் சிவக்குது

பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக நிற்கிறவர்களுக்கு நடப்பது. தண்ணீருக்குள் நிற்பதால் வெய்யில் படவில்லை என்று உடல் ஏமாறும். அரை மீற்றர் ஆழத்திலும் மேற்பரப்பு யூவியில் ஏறத்தாழ 40 சதவீதம் வந்து சேருகிறது. உலர்ந்த மணல் 15 சதவீதம் வரை திருப்பி எறியும், கடல் நுரை 25 சதவீதம் வரை. தொப்பி போட்ட முகமும் தாடைக்குக் கீழே சுடுவது இதனால்தான்.

லேபிளில் 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும் என்று இருந்தால், அவ்வளவு நேரம் நீரில் ஊறிய பின்னும் எழுதிய எஸ்பிஎஃப் நிற்கிறது என்று பொருள். ஆனால் அந்தச் சோதனையில் துவாயால் துடைப்பது கிடையாது. ஏறியதும் துடைத்தால் மணிக்கூடு பூச்சியத்தில் தொடங்குகிறது, மறுபடி பூசுங்கள். அந்தச் சொல்லே இல்லாத கிறீம் பெரும்பாலும் தண்ணீருக்குள் எண்ணெய்த்துளி மிதக்கும் வகை. படலம் காய்ந்த பின்னும் அதில் எண்ணெயையும் நீரையும் சேர்த்து வைத்திருக்கும் கூழ்மமாக்கி தண்ணீர் பட்டதும் மறுபடி விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் கழுவி அனுப்பும், சவர்க்காரம் மாதிரி. எண்ணெய்க்குள் நீர்த்துளி இருக்கும் வகையும், படலமாக்கும் பல்பகுதியம் சேர்த்த வகையும்தான் நிற்கும். எப்படியாயினும் இறங்கக் கால் மணி நேரத்துக்கு முன் பூசிக் காய விடவேண்டும். அறுகம்பையில் ஏப்ரல் முதல் ஒக்ரோபர் வரை அலைப்பலகை ஓட்டுகிறவர்கள் மூக்கிலும் கன்னத்திலும் சிங்க் ஒக்சைட் குச்சியை வெள்ளையாக அப்பிக்கொள்வது பகட்டுக்கு அல்ல. மெழுகு அடிப்படை என்பதால் அது நகராது, தடிப்பாகவும் நிற்கும்.

வாவியில் தோணி வலிப்பவருக்கும் வயலில் நிற்பவருக்கும் கிறீமை நம்பச் சொல்வது நியாயம் இல்லை. உடம்பு முழுக்க ஒருதரம் பூச 30 கிராம் வேண்டும், அரை நாளில் ஒரு ரியூப் போய்விடும். இறுக்க நெய்த நீளக் கைச் சேட்டும் அகல விளிம்புத் தொப்பியும் போட்டு, மிஞ்சும் முகத்துக்கும் புறங்கைக்கும் பிடரிக்கும் மட்டும் பூசுவதுதான் கட்டுப்படியாகும். ஆடியை அண்டி உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை நடப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான், மேற்பாதத்தைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வுழூ (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுதல்) செய்பவர்கள் காலையில் பூசியது ளுஹர் எனும் நண்பகல் தொழுகையோடு முகத்திலும் கையிலும் கழுவுப்படும் என்றே கணக்கெடுக்க வேண்டும். தொழுகை முடிந்து வெளியே இறங்குமுன் மறுபூச்சு. நண்பகல் வெய்யிலுக்குச் சரியான நேரமும் அதுவே.

முகம் சாம்பல் பூசினது மாதிரி வெளிறுது

சிங்க் ஒக்சைட்டும் தைத்தானியம் டைஒக்சைட்டும் கண்ணாடி போலக் கதிரைத் திருப்பி எறிகின்றன என்று பரவலாகச் சொல்வார்கள். உண்மையில் யூவியில் அவை திருப்புவது ஏறத்தாழ 5 சதவீதமே, மிச்சத்தை மற்ற வடிகட்டிகள் போலவே விழுங்குகின்றன. அவை திருப்பிச் சிதறடிப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான், வெள்ளை தெரிவது அதனால். சிங்க் ஒக்சைட்டின் முறிவுச் சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற எண்) 2க்கு அண்மை, தைத்தானியத்தினது 2.5க்கு மேல். அதனால் ஒரே அளவில் தைத்தானியம் கூடுதலாக வெளிறும். துகள் 100 நானோமீற்றருக்குக் கீழே போனால் வெள்ளை வெகுவாகக் குறையும், ஆனால் அவை ஒன்றோடொன்று திரளாமல் இருந்தால் மட்டுமே. மலிவான கிறீமில் நனோத் துகள் என்று எழுதியும் வெளிறினால், அவை உள்ளே கட்டிபட்டுவிட்டன. வெள்ளைக்கு அஞ்சிக் குறைவாகப் பூசுவதை விட, தோல் நிறம் சேர்த்ததையோ அவோபென்சோன் போன்ற கரிம வடிகட்டி உள்ளதையோ வாங்குவது நல்லது. வேர்த்தபின் மட்டும் வெள்ளைக் கோடு இறங்குகிறது என்றால் அது வேறு கதை. அங்கே படலம் கரைந்து ஓடுகிறது, தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும் வகைக்கு மாறுங்கள்.

தேய்க்கத் தேய்க்க அழுக்குத் திரி மாதிரி உருளுது

கீழே பூசியதும் மேலே பூசியதும் ஒட்டவில்லை. கீழே கற்றாழை ஜெல் அல்லது காபோமர் என்ற தடிப்பாக்கி போட்ட கூழ், மேலே சிலிக்கன் நிறைந்த சன்ஸ்கிறீன் என்றால் நிச்சயம் உருளும். முதற் பூச்சை ஐந்து நிமிடம் காய விட்டு, சன்ஸ்கிறீனைத் தேய்க்காமல் உள்ளங்கையால் அழுத்தி வையுங்கள். அப்படியும் உருண்டால் கீழே பூசுவதை விட்டுவிடுங்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் சன்ஸ்கிறீனின் எண்ணெயே ஈரப்பதத்துக்குக் காணும். உருண்ட திரியோடு வடிகட்டியும் போய்விட்டது என்பதால் அதன் மேலே பவுடர் போட்டு மறைப்பதில் பயன் இல்லை.

கண் எரியுது

நெற்றியிலிருந்து வேர்வையோடு இறங்குவது எண்ணெயில் கரைந்த கரிம வடிகட்டிகள். அவோபென்சோன் உள்ள கூட்டுகளில் இந்த முறைப்பாடு அதிகம். புருவத்துக்கு மேலும் கண்ணைச் சுற்றியும் சிங்க் ஒக்சைட் குச்சி, மிச்ச முகத்துக்கு வழமையான கிறீம் என்று பிரித்துப் பூசினால் பெரும்பாலும் தீரும். எரிந்தால் கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள்.

வெள்ளைச் சேட் கழுத்தில் செம்மஞ்சள் கறை

கிணற்றுத் தண்ணீர் வாளியில் துருக் கோடு விடும் வீடுகளில் இது வரும். அவோபென்சோன் இரும்போடு சேர்ந்து செம்மஞ்சள் சேர்வை ஒன்றை உண்டாக்கும். உடுப்பில் பட்டபோது நிறம் தெரியாது, தோய்த்த பின்தான் தெரியும். அதனால் சவர்க்காரத்தைக் குறை சொல்வார்கள். குளோறின் வெளிற்றி போட்டால் கறை இன்னும் கறுக்கும், போடாதீர்கள்.

தோய்க்குமுன் பட்ட இடத்தில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து, எண்ணெயை முதலில் எடுக்க வேண்டும். கறை பட்டுவிட்டால் தேசிக்காய்ப் புளியோ ஒரு கோப்பை சுடுதண்ணீரில் கரைத்த ஒரு மேசைக்கரண்டி சித்திரிக் அமிலமோ ஊற்றி அரை மணி நேரம் விட்டு அலசுங்கள். அமிலம் இரும்பைப் பிடித்துக் கழற்றும். நிறத்துணியில் ஒரு மூலையில் முதலில் சோதிப்பது நல்லது.

பரு, தடிப்பு, அரிப்பு

மூன்றையும் ஒன்றாக்காமல் பிரித்துப் பார்க்க வேண்டும். நெற்றியிலும் கழுத்திலும் ஊசிமுனை அளவு சிவந்த புள்ளிகள் என்றால் வேர்க்குரு. கனத்த கிறீமின் கீழ் வேர்வை வழி அடைபட்டிருக்கிறது. மெல்லிய ஜெல் அல்லது திரவ வகைக்கு மாறி, இரவில் சவர்க்காரமோ முகக் கழுவியோ போட்டுக் கழுவுங்கள். தண்ணீர் தாக்குப்பிடிக்கும் வகை வெறும் தண்ணீரில் போகாது. பூசிய சில நிமிடத்தில் எரிந்து சிவந்தால் வாசனைப் பொருளையும் அல்ககோலையும் சந்தேகியுங்கள்.

பூசிய இடத்தில் வெய்யில் பட்ட பிறகுதான் சொறி வருகிறதென்றால் ஒளி ஒவ்வாமை. மூட்டு வலிக்குக் கீட்டோபுரோபன் ஜெல் பூசி ஒவ்வாமை வந்தவருக்கு ஒக்டோகிறிலீன் உள்ள சன்ஸ்கிறீனும் அதே ஒவ்வாமையைக் கிளப்பலாம். இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை, அதனால் வருடக்கணக்கில் கண்டுபிடிபடாமல் கிடக்கும்.

சன்ஸ்கிறீன்மேல் பழி விழும் இன்னும் இரண்டு உண்டு. எலிக்காய்ச்சல் தடுப்புக்கு வயலில் இறங்குபவர்களுக்குக் கொடுக்கப்படும் டொக்சிசைக்கிளின் தோலை யூவிஏக்குக் கூச வைக்கும். வழமைக்கு மாறாகப் புறங்கையும் முகமும் சுட்டால் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், எலிக்காய்ச்சல் ஆளைக் கொல்லும் நோய். நீளக் கை போட்டு, யூவிஏ காப்புக் கூடிய கிறீமைப் பூசி, மருந்து தந்தவரிடம் சொல்லுங்கள். மற்றது தேசிக்காய்ச் சாறு. முகம் வெளுக்க என்று பூசிக்கொண்டு வெய்யிலில் போனால் சாறு வழிந்த கோட்டிலேயே கொப்புளமும், பிறகு மாதக்கணக்கில் போகாத கருமையும் வரும். தேசிக்காயிலுள்ள பியூரோகூமரின் என்ற பொருள் யூவிஏயோடு சேர்ந்து தோலைப் பொசுக்குவதால் அது. கீழே தேசிக்காய் இருக்க மேலே பூசும் எந்தக் கிறீமையும் குறை சொல்ல முடியாது.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு சன்ஸ்கிறீன் வேண்டாம், நிழலும் துணியும்தான்.

ரியூப்பை அமுக்கினால் முதலில் தண்ணீர் வருது, அல்லது மணல் மாதிரி நெருடுது

மோட்டார் சைக்கிள் இருக்கைப் பெட்டிக்குள்ளோ வெய்யிலில் விட்ட காருக்குள்ளோ கிடந்த ரியூப் இது. கூழ்மம் உடைந்து நீரும் எண்ணெயும் பிரிந்துவிட்டன. குலுக்கினால் சேர்ந்தது போலத் தெரியும், ஆனால் வடிகட்டி சமமாகப் பரவாது. எறிய வேண்டியதுதான். குலுக்கிப் பாவிக்கவும் என்று எழுதிய மெல்லிய திரவ வகை விதிவிலக்கு, அது பிரிந்து நிற்கவே செய்யப்பட்டது. நெருடல் என்றால் வடிகட்டி பளிங்காக உறைந்துவிட்டது. பளிங்கானது படலத்தில் பரவாது, அந்த அளவுக்குக் காப்பும் குறையும். குளிரூட்டியில் வைப்பதும் இதைக் கிளப்பும். வீட்டுக்குள் இருட்டான அலுமாரி போதும். திறந்த சாடி படத்தில் 6 அல்லது 12 என்று இருப்பது திறந்த பிறகு பாவிக்கக்கூடிய மாதங்கள். வாங்கும்போது கடைக் கண்ணாடி அலுமாரியில் வெய்யில் படும் தட்டிலிருந்து எடுக்காதீர்கள்.

வீட்டில், சிறு தொழிலில் செய்தது சரிவரவில்லை

தேங்காய் எண்ணெயில் சிங்க் ஒக்சைட் தூளைக் கலக்கிப் போத்தலில் அடைத்து விற்பது இப்போது பரவலாக நடக்கிறது. இங்கேதான் கோளாறும் அதிகம், ஆகவே கொஞ்சம் விரிவாக.

அடியில் வெள்ளைச் சேறு படிகிறது: சிங்க் ஒக்சைட்டின் அடர்த்தி நீரைப் போல் ஐந்தரை மடங்கு. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்கு மேல் உருகும், நம் ஊரில் அது உறைவதே அபூர்வம். திரவத்தில் கனத்த தூள் அடியில் போகாமல் என்ன செய்யும்? மேற்பாதியில் வாங்குபவருக்கு வெறும் எண்ணெய், அடியில் வாங்குபவருக்குச் சுண்ணாம்பு. தேன்மெழுகு சேர்த்து இறுக்கினாலும் ஆறும் நேரத்துக்குள் படியத் தொடங்கிவிடும்.

கண்ணாடியில் மெல்லிசாய்ப் பூசி விளக்குக்கு எதிரே பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது: தூள் கட்டிபட்டிருக்கிறது. அகப்பையால் எவ்வளவு அடித்தாலும் இந்தத் திரட்சி உடையாது. எஸ்தர் எண்ணெயில் பொலிஹைட்ரொக்சிஸ்டீயரிக் அமிலம் போன்ற சிதறலாக்கியோடு ஆலையில் அரைத்த ஆயத்தச் சிதறலையே வாங்க வேண்டும். கட்டிக்கு இடையிலுள்ள வெற்றிடம் வழியே கதிர் போகும். 20 சதவீதம் போட்டும் எஸ்பிஎஃப் ஒற்றை இலக்கத்தில் நிற்பது இதனால்.

கிறீம் கட்டியாய்த் திரிகிறது, அல்லது அடுத்த நாள் தண்ணீராகிறது: காபோமர் போட்டிருப்பீர்கள். சிங்கிலிருந்து கசியும் அயன் காபோமரின் வலையைக் கெடுக்கும். சாந்தன் கம் போன்ற வேறு தடிப்பாக்கியும் மேற்பூச்சுப் பூசிய சிங்கும் பாவியுங்கள். பிஎச் 7 முதல் 7.5 வரை நிற்க வேண்டும், அமிலப் பக்கம் போனால் சிங்க் கரையும்.

இரண்டு மாதத்தில் பூஞ்சணம்: மேலே சொன்ன பிஎச்சின் பக்கவிளைவு இது. சோடியம் பென்சொவேட்டும் பொட்டாசியம் சோர்பேட்டும் பிஎச் ஐந்தரைக்கு மேல் ஏறக்குறைய செத்த மாதிரி. இந்தக் கிறீமுக்கு பினொக்சி எதனோல் போன்றது, அதுவும் 1 சதவீதத்துக்கு மேற்படாமல் வேண்டும்.

கரிம வடிகட்டிக் கிறீம் மணலாகிறது: அவோபென்சோன் 81 பாகையை அண்டி உருகும் தூள். அதை 75 முதல் 80 பாகை வரை சூடாக்கிய எண்ணெய்ப் பகுதியில் முற்றாகக் கரைக்க வேண்டும். திரவ வடிகட்டிகளான ஒக்டோகிறிலீன், ஒக்டிசலேட், ஹோமோசலேட் ஆகியவை வடிகட்டியாகவும் கரைப்பானாகவும் இரட்டை வேலை செய்யும். தேங்காய் எண்ணெய் இதற்கு நல்ல கரைப்பான் அல்ல. அமெரிக்க விதியில் உச்ச அளவு அவோபென்சோன் 3 சதவீதம், ஒக்டோகிறிலீன் 10, ஒக்டிசலேட் 5, ஹோமோசலேட் 15, சிங்க் ஒக்சைட் 25. சோதிக்க ஒரு மாதிரியைக் குளிரூட்டியில் 4 பாகையில் இரண்டு கிழமை வைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். மேற்பூச்சில்லாத சிங்க் ஒக்சைட்டையும் அவோபென்சோனையும் ஒரே கிறீமில் சேர்க்காதீர்கள். உலோக அயனைப் பிடிக்க ஈடிடிஏ 0.1 சதவீதம் போடுவது வழக்கம்.

பிரிகிறது: எண்ணெய்ப் பகுதியும் நீர்ப்பகுதியும் சேரும்போது இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தனவா, சமப்படுத்திக் கருவியால் அடித்தீர்களா என்று பாருங்கள். மையநீக்கியில் நிமிடத்துக்கு 3000 சுற்றில் அரை மணி நேரமும், 40 பாகையில் மூன்று மாதமும் தாங்காதது கல்முனைக் கடைத் தட்டில் தாங்காது.

இவ்வளவும் சரியாக வந்தாலும் போத்தலில் எஸ்பிஎஃப் எண் போட முடியாது. சேர்மானத்தைக் கூட்டிக் கணக்கிட்டு அந்த எண் வராது. ஐஎஸ்ஓ 24444 முறைப்படி குறைந்தது 10 பேரின் முதுகில் பூசி, விளக்கொளி காட்டி அளக்கிறார்கள். தேங்காய் எண்ணெய்க்கு எஸ்பிஎஃப் 7 என்று சுற்றும் எண் அல்ககோல் கரைசலில் கருவியால் அளந்தது, தோலில் படலமாக நின்றபோது அளந்தது அல்ல.

இதில் எதுவும் பொருந்தவில்லை

அப்படியானால் சன்ஸ்கிறீனுக்குக் கீழே பூசுவதைப் பாருங்கள். லேபிளில் சேர்மானம் இல்லாத வெளுக்கும் கிறீம் ஏதும் இரவில் பூசுகிறீர்களா? அவற்றில் ஸ்டெரொயிட்டும் பாதரசமும் அகப்பட்டது உலகெங்கும் பதிவான விடயம். ஸ்டெரொயிட் தோலை மெலிய வைக்கும். மெலிந்த தோல் முதலில் வெளுக்கும், பிறகு சின்ன வெய்யிலுக்கும் எரியும், நிறுத்தினால் முன்னையை விடக் கறுக்கும். அந்த டப்பாவையும் சன்ஸ்கிறீன் ரியூப்பையும் இரண்டையும் எடுத்துக்கொண்டு அரச வைத்தியசாலைத் தோல் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். டப்பாவை வீட்டில் விட்டுவிட்டு ரியூப்பை மட்டும் கொண்டு போனால் வைத்தியர் தேடுவது பிழையான இடத்தில்.